துலும்பாவில் எத்தனை கலோரி? சலரோகம் (நீரிழிவு) உள்ள அம்மாவுக்கு எத்தனை கொடுக்கலாம்?

ரைன்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். மேல்மாடியில் ஒரு துருக்கிக் குடும்பம். நோன்புப் பெருநாளன்று அந்த வீட்டுத் தெய்சே (துருக்கியில் வயதான பெண்களை அப்படித்தான் அழைப்போம், நம் மாமி மாதிரி) ஒரு தட்டு நிறையத் துலும்பா கொண்டுவந்து தந்தார். தெரியாதவர்களுக்கு: விரல் நீளத்தில், நெடுக்காக வரிவரியாக, எண்ணெயில் பொரித்துச் சீனிப்பாகில் ஊறப்போட்ட பலகாரம். கடித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே இருந்து பாகு வாய்க்குள் பாய்கிறது.

பிரச்சினை என்னவென்றால், அம்மாவுக்கு 67 வயது, சலரோகம் உண்டு, குளிசை மட்டும்தான், ஊசி இல்லை. தட்டைக் கண்டதில் இருந்து குசினிப் பக்கமே சுற்றிச் சுற்றி வருகிறார். "ஒன்றுதான் சாப்பிட்டேன்" என்கிறார். தட்டில் நான்கு குறைந்திருக்கிறது.

இணையத்தில் தேடினேன். ஓரிடத்தில் ஒரு துண்டுக்கு 60 கலோரி, இன்னோரிடத்தில் 200 என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? யாராவது வீட்டில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வாய்க்கொழுப்பு

அம்மா நான்கு சாப்பிட்டது உங்களுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

தேரா_தெருவாசி

இங்கே துபாயில் இதே சங்கதி லுகைமாத் என்று கிடைக்கும். உருண்டை உருண்டையாக இருக்கும், மேலே பேரீச்சம்பாகு ஊற்றி எள் தூவித் தருவார்கள். சீனிப்பாகு இல்லாததால் சுகர்காரர்களுக்குப் பரவாயில்லை என்று கடைக்காரரே சொன்னார். அம்மாவுக்கு அதை முயன்று பாருங்களேன்.

பத்தியக்காரி

தெருவாசி, கோபித்துக்கொள்ள வேண்டாம், கடைக்காரர் விற்பதற்காகச் சொன்னதை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். தேன், பேரீச்சம்பாகு, பழச்சாறு எல்லாமே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் சர்க்கரையோடு ஒரே பட்டியலில்தான் வருகின்றன. 2015ல் வந்த அவர்களுடைய வழிகாட்டுதல்படி இந்த வகைச் சர்க்கரை ஒரு நாள் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், நல்லது என்றால் 25 கிராம். பேரீச்சம்பாகில் கொஞ்சம் பொட்டாசியம் கிடைக்கும், சரி. அதற்காக யாரும் அதைப் பொரித்த மாவு மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டியதில்லை.

ரைன்கரையான், நான் உணவியல் படித்து ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஆனால் அம்மாவின் மருந்துச் சீட்டைப் பார்க்காமல் இத்தனை துண்டு என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு துண்டு எத்தனை கிராம் என்று நிறுத்துச் சொல்லுங்கள். துண்டுக் கணக்கு யாருக்கும் உதவாது. சுண்டுவிரல் அளவில் விற்கிறவர்களும் உண்டு, வளையலாகப் பிழிந்து ஹல்கா என்று தெருவில் விற்கிறவர்களும் உண்டு. அந்த வளையம் ஒன்றே ஒருவேளைச் சாப்பாடு.

அங்காரா_அடுப்படி

இந்த இழையைப் பார்த்ததும் கை அரித்தது. நான் நான்கு வருடமாக அங்காராவில் இருக்கிறேன். எதிர்வீட்டு ஆப்லாவிடம் (துருக்கியில் அக்கா) துலும்பா கற்றுக்கொண்டேன். போன சனிக்கிழமை சமையல் தராசை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாவு. துலும்பா என்றால் துருக்கியில் பம்பு என்று அர்த்தம். நட்சத்திர ஓட்டை வைத்த குழலில் மாவை அழுத்திப் பிழிவதால் அந்தப் பெயர் என்று ஆப்லா சொன்னார். 400 மில்லி தண்ணீரில் 50 கிராம் வெண்ணெய் போட்டுக் கொதிக்கவிட்டு, 250 கிராம் மைதாவை ஒரேயடியாகக் கொட்டி, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளற வேண்டும். ஆறிய பிறகு மூன்று முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிசைந்து, 20 கிராம் ரவையும் 20 கிராம் ஸ்டார்ச்சும் போட்டேன். எக்லேர் (மிட்டாய் இல்லை, அடுப்பில் வேகவைத்து உள்ளே கிரீம் வைக்கிற பிரெஞ்சுப் பலகாரம்) செய்கிறவர்களுக்கு இந்த மாவு பழக்கமானதுதான்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் நம் ஊர்க் கை ஏமாறும். முறுக்குக்குச் செய்கிற மாதிரி எண்ணெயைக் காயவைத்துப் போட்டால், மேல்தோல் உடனே இறுகி, உள்ளே இருக்கிற ஆவி வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். என் முதல் ஈடு வெடித்து அடுப்புக்கு மேலே இருந்த ஓடெல்லாம் எண்ணெய். எண்ணெய் ஆறியிருக்கும்போதே பிழிந்து போட்டு, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். துண்டு இரண்டு மடங்காக உப்பும். ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் நடுவில் எண்ணெயை ஆறவிட வேண்டும், அதனால் ஆப்லா இரண்டு சட்டி வைத்திருக்கிறார்.

அப்புறம் பாகு. 600 கிராம் சர்க்கரை, 450 மில்லி தண்ணீர், கடைசியில் சில சொட்டு எலுமிச்சை. இறக்கும்போது 950 கிராம் இருந்தது. பாகு நன்றாக ஆறியிருக்க வேண்டும், துலும்பா சூடாக இருக்க வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் சொதசொதவென்று ஆகிவிடும்.

மொத்தம் 60 துண்டு வந்தது. ஊறிய பிறகு ஒன்று 18.5 கிராம். எண்ணெயைப் பொரிக்குமுன்னும் பின்னும் நிறுத்தேன், 110 கிராம் குறைந்திருந்தது. மீந்த பாகு 500 கிராம். அதாவது துலும்பா குடித்த பாகு 450 கிராம், அதில் சர்க்கரை சுமார் 284 கிராம்.

மைதா 910, வெண்ணெய் 370, முட்டை 215, ரவையும் ஸ்டார்ச்சும் 148, எண்ணெய் 990, சர்க்கரை 1136. கூட்டினால் 3769 கலோரி. 60ஆல் வகுத்தால் ஒரு துண்டுக்கு சுமார் 63.

ரைன்கரையான்

அக்கா, கோடி நன்றி! அப்படியென்றால் 60 என்று போட்ட தளம்தான் சரி. 200 எங்கிருந்து வந்தது?

அங்காரா_அடுப்படி

தம்பி, அதையும் போட்டுப் பார்த்தேன். சட்டியில் நான் ஊற்றிய ஒரு லிட்டர் எண்ணெய் முழுவதையும், பாகுக்குப் போட்ட 600 கிராம் சர்க்கரை முழுவதையும் கணக்கில் சேர்த்தால் ஒரு துண்டுக்கு 200க்கு மேலே போகிறது. செய்முறையை அப்படியே பெட்டியில் ஒட்டினால் கலோரி சொல்கிற கருவிகள் செய்வது அதைத்தான். சட்டியில் மீந்தது அதற்குத் தெரியாதே.

60 என்று போட்டவர்களும் நிறுத்துப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. எண்ணெயை அடியோடு மறந்துவிட்டுச் சர்க்கரையை முழுவதுமாகப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகிறது.

சந்தேகச்சாமி

அக்கா கணக்கில் எனக்கு ஒரு உறுத்தல். எண்ணெய் 110 கிராம் குறைந்தது என்றால் அத்தனையும் துலும்பாவுக்குள்ளா போனது? அடுப்போட்டில் தெறித்தது, வடிகட்ட வைத்த காகிதம், கரண்டியில் ஒட்டியது?

அங்காரா_அடுப்படி

சரியான கேள்வி. தெறித்த ஈடு வேறு நாள், கணக்கில் இல்லை. காகிதத்தை நான் நிறுக்கவில்லை. அதனால் 110 என்பதை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று கலோரி குறையலாம்.

பத்தியக்காரி

அருமையான வேலை அங்காரா. இதைப் பிரித்துப் பார்த்தேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 63 கலோரியில் கொழுப்பிலிருந்து வருவது 25. பாகுச் சர்க்கரையிலிருந்து 19. மீதி 19 மாவு, முட்டைக் கணக்கு. எல்லோரும் பாகைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், எண்ணெயும் வெண்ணெயும் சேர்ந்து சத்தமில்லாமல் அதைத் தாண்டி நிற்கின்றன.

பொரிக்கிற பண்டத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சட்டிக்குள் கொதிக்கும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான், உள்ளே ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதனால் எடுத்தவுடன் நன்றாக உதறி வடியவிடுவது சும்மா சடங்கு இல்லை. துலும்பாவில் அந்த வரிகள் வேறு, மேற்பரப்பு அதிகம், ஒட்டுகிற எண்ணெயும் அதிகம்.

நீரிழிவுக்காரர்களுக்கு இந்தக் கொழுப்பு வேறொரு விதத்தில் வேலை காட்டும். கொழுப்பு சேர்ந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். சர்க்கரை உடனே ஏறாமல் தள்ளிப்போய் ஏறும். ஒரு மணி நேரத்தில் குத்திப் பார்த்துவிட்டு "பார், ஒன்றும் ஏறவில்லை" என்று இன்னும் இரண்டு எடுப்பவர்களை நான் தினம் பார்க்கிறேன். இரண்டாவது மணி நேரத்திலும், முடிந்தால் மூன்றாவதிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

கப்பல்காரன்

கணக்கு நடுவில் ஒரு கதை சொல்லிக்கொள்ளலாமா? எங்கள் கப்பல் ஒருமுறை அலியாவில் நின்றது, இஸ்மிர் பக்கத்தில். ஊருக்குள் போனபோது தெருவில் ஒரு வண்டி, முன்னால் நீளமான வரிசை. இலவசமாக ஏதோ தருகிறார்கள் என்று நானும் நின்றேன். வண்டிக்குள் ஒரு இயந்திரம் மாவை வளையம் வளையமாக எண்ணெயில் தள்ளுகிறது. ஒருவர் அரிகரண்டியால் அள்ளிப் பாகில் போடுகிறார், இன்னொருவர் காகிதக் கிண்ணத்தில் போட்டு மேலே பட்டைத்தூள் தூவித் தருகிறார். கிண்ணத்தை வாங்கியவர்கள் எல்லாரும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். வண்டியில் ஒரு பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தது.

பக்கத்தில் நின்றவர்தான் புரியவைத்தார். அது லொக்மா. வீட்டில் ஒருவர் இறந்தால் ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று அவர் பேரில் ஊருக்கு ஊற்றுவார்களாம். தருவதை "லொக்மா ஊற்றுவது" என்றுதான் சொல்கிறார்கள். சாப்பிடுகிறவர் இறந்தவருக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் தெரியாமல் பத்துப் பன்னிரண்டை விழுங்கிவிட்டு இரண்டாம் முறை வரிசையில் நின்றிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அந்தக் கிண்ணத்துக்கும் ஒரு கணக்குப் போடுங்கள்.

அங்காரா_அடுப்படி

அண்ணே, லொக்மாவை நான் நிறுத்ததில்லை, அதனால் எண் சொல்ல மாட்டேன். மாவு வேறு என்பது மட்டும் தெரியும். மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, துளி சர்க்கரை. வெண்ணெய் கிடையாது, வழக்கமான செய்முறையில் முட்டையும் கிடையாது. புளித்த மாவைக் கைமுட்டியில் பிதுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வருகிறதை நனைத்த கரண்டியால் வழித்துச் சூடான எண்ணெயில் போடுவார்கள். இதற்கு எண்ணெய் முதலிலேயே காய்ந்திருக்க வேண்டும், துலும்பாவுக்கு நேர்மாறு.

லொக்மா என்றாலே ஒரு கவளம், ஒரு வாய் என்றுதான் பொருள். ஆபத்தும் அதில்தான். துலும்பாவை நாலோடு நிறுத்தத் தோன்றும், லொக்மா எண்ணிக்கையே தெரியாது.

முட்டைதவிர்

அப்போ துலும்பாவில் முட்டை இருக்கிறதா?! இஸ்தான்புல் போனபோது மூன்று நாள் விடாமல் சாப்பிட்டேனே. வெறும் மைதா என்று நினைத்து.

வாய்க்கொழுப்பு

மூன்று முட்டையை 60ஆல் வகுத்தால் ஒரு துண்டில் இருபதில் ஒரு முட்டை. பரிகாரத்தையும் அந்த விகிதத்தில் செய்துகொள்ளுங்கள்.

தேரா_தெருவாசி

சரி, பேரீச்சம்பாகு விஷயத்தில் தோற்றுவிட்டேன். பட்டைத்தூள்? அது சுகரைக் குறைக்கும் என்று என் மாமா தினம் வெந்நீரில் குடிக்கிறார். இஸ்மிர்க்காரர்கள் தெரிந்துதான் தூவுகிறார்களோ?

பத்தியக்காரி

வாசனைக்குத் தூவுகிறார்கள். கிண்ணத்து மேல் ஒரு சிட்டிகை, கீழே கைநிறையப் பாகு. பட்டையை நம்பி மருந்தைக் குறைக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

சந்தேகச்சாமி

பாகில் எலுமிச்சை பிழிகிறார்களே, அது சர்க்கரையை உடைத்துவிடுகிறதாமே? உடைந்தால் நல்லதுதானே?

பத்தியக்காரி

உடைக்கிறது, உண்மைதான். சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரியும், அதனால் பாகு பூத்துப்போகாமல் தெளிவாக நிற்கும். ஆனால் நம் குடலும் அதே வேலையைத்தான் செய்யப்போகிறது. அடுப்பிலேயே கொஞ்சம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். கிராம் குறையாது.

அங்காரா_அடுப்படி

இங்கே பாகு பற்றிப் பேச்செடுத்தால் ஆப்லா சோளச் சர்க்கரைக்குப் போய்விடுவார். கடைப் பலகாரங்களில் பீட்ரூட் சர்க்கரைக்குப் பதில் மாவுச்சத்திலிருந்து எடுத்த மலிவுப் பாகு போடுகிறார்கள் என்பது துருக்கியில் பெரிய சண்டை. 2001ல் வந்த சர்க்கரைச் சட்டம் அந்த வகைக்கு 10 சதவீத ஒதுக்கீடு வைத்தது, 2018ல் அதை 5 ஆக்கினார்கள். "நான் பீட்ரூட் சர்க்கரைதான் போடுகிறேன், எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடு" என்பது அவருடைய வாதம். பீட்ரூட் சர்க்கரையிலும் பாதி ஃப்ரக்டோஸ்தான் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

பத்தியக்காரி

ஆப்லாவிடம் இதையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். TURDEP என்று சொன்னால் கேள்விப்பட்டிருப்பார்.. மன்னிக்கவும், தமிழிலேயே எழுதுகிறேன், டர்டெப். துருக்கி முழுக்க எடுத்த நீரிழிவு ஆய்வு. 1997-98ல் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.2 சதவீதம் பேருக்கு இருந்தது, 2010ல் திரும்ப எடுத்தபோது 16.5, வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் 13.7. இதைத் துலும்பா தலையில் கட்ட முடியாது. உடல் எடை, உட்கார்ந்த வேலை, வயது என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் பழைய காலத்துப் பெருநாள் பலகாரம் இன்று எல்லா நாளும் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

ரைன்கரையான்

அம்மாவின் தட்டுக்கு வருகிறேன். பத்தியக்காரி அக்கா சொன்னபடி நிறுத்தேன். தெய்சேயின் துலும்பா ஒன்று 31 கிராம்! அங்காரா அக்காவினதை விட ஒன்றரை மடங்குக்கு மேலே.

பத்தியக்காரி

அப்படியானால் அங்காராவின் கணக்கை அதே விகிதத்தில் நீட்டினால், ஒரு துண்டுக்கு சுமார் 105 கலோரி, பாகுச் சர்க்கரை கிட்டத்தட்ட 8 கிராம், மாவையும் சேர்த்து மொத்த மாவுச்சத்து 14 கிராம். தெய்சேயின் கைப்பக்குவம் வேறாக இருக்கலாம், தோராயம்தான். அம்மா அன்றைக்குச் சாப்பிட்ட நான்கில் பாகுச் சர்க்கரை மட்டும் 30 கிராமைத் தாண்டுகிறது. ஒரு நாளுக்கு நல்லது என்று சொன்ன அந்த 25 கிராம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஜெர்மனியில் நீரிழிவு வகுப்பில் ப்ரோட்ஐன்ஹைட் என்று ஒரு அளவு சொல்லித் தந்திருப்பார்களே, பாண் அலகு மாதிரி?

ரைன்கரையான்

ஓம், தெரியும். அம்மா "பி.ஈ" என்பார். ஒரு பி.ஈ. 12 கிராம் மாவுச்சத்து. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அட்டவணையே ஒட்டியிருக்கிறது.

பத்தியக்காரி

அருமை. அப்போ தெய்சேயின் துண்டு ஒன்று ஒரு பி.ஈ.க்குச் சற்று மேலே. அம்மாவுக்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள்: இது ஒன்று சாப்பிட்டால் அந்த வேளைச் சோற்றிலோ பாணிலோ ஒரு பி.ஈ. போய்விட வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு. எத்தனை என்பதை அம்மாவின் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒன்று என்றால் அவர் பெரிதாகச் சண்டை போட மாட்டார் என்று நினைக்கிறேன்.

அங்காரா_அடுப்படி

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒன்று. இந்த வாரம் அரை அளவு செய்து ஊறும் நேரத்தைச் சோதித்தேன். 3 நிமிடத்தில் எடுத்தவை ஒவ்வொன்றும் 5 கிராம் அளவு பாகு குடித்திருந்தன. 10 நிமிடம் கிடந்தவை 8 கிராம். சர்க்கரையில் அது 3க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம். மொறுமொறுப்பும் 3 நிமிடத்தில்தான் நன்றாக இருந்தது. ஆப்லா ஒன்றைக் கடித்துவிட்டு "இது தத்லி (இனிப்பு) இல்லை, ரொட்டி" என்றார். என் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

சந்தேகச்சாமி

ஏர் ஃப்ரையரில்?

அங்காரா_அடுப்படி

செய்தேன். எக்லேர் வந்தது. நல்ல எக்லேர்.

ரைன்கரையான்

அம்மாவுக்கு நேற்று மத்தியானம் ஒன்று கொடுத்தேன், சோற்றைக் குறைத்து. அட்டவணையில் துலும்பா என்று எழுதி, பக்கத்தில் "1" என்று தானே போட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் பார்த்தபோது அவருடைய வழக்கமான எல்லைக்குள்தான் இருந்தது. மூன்றாவது மணிக்குக் குத்த விடவில்லை, "விரல் முழுக்க ஓட்டை" என்று கோபம். மிச்சத்தைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அம்மா உளுந்துவடை சுட்டுத் தெய்சேக்குக் கொடுத்திருக்கிறார். அதுவும் எண்ணெய்தான், இனி அங்கே யார் நிறுக்கப் போகிறார்களோ.

கப்பல்காரன்

அங்காராத் தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி. மீந்த 500 கிராம் பாகை என்ன செய்தீர்கள்?

அங்காரா_அடுப்படி

பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன் அண்ணே. வீட்டுக்காரர் நான்கு நாளில் தேநீரில் ஊற்றிக் காலி செய்துவிட்டார்.

சந்தேகச்சாமி

அதில் 316 கிராம் சர்க்கரை இருந்திருக்க வேண்டும். அது எந்தக் கணக்கில் வரும்?

அங்காரா_அடுப்படி

அவர் கணக்கில்.